மண்டோரைக் கேளுங்கள்: இங்கே செடி தூங்குவதில்லை

நர்சரியில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்த எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புல் மருந்தை, அதாவது களைக்கொல்லியைப் பற்றியவை. அதிலும் ஜூனிப்பர், துஜா, போடோகார்பஸ் என்று ஊசியிலைச் செடிகளாகவே வந்து விழுந்திருக்கின்றன. சீனப் புத்தாண்டு ஆர்டருக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. ரோஜாவைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

சிங்கப்பூரின் சுங்கை தெங்கா நர்சரியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்:

"அண்ணே, நான் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. கைசூக்கா ஜூனிப்பர் 300 தொட்டி வரிசையாக நிற்கின்றன. நடுவில் புல் மண்டிவிட்டது, கிளைபோசேட் அடி என்றார் சூப்பர்வைசர். செடி மேல் படாமல்தான் அடித்தேன். பதினைந்து நாள் கழித்து நுனியெல்லாம் மஞ்சள். 'ஊசியிலைச் செடியை இந்த மருந்து ஒன்றும் செய்யாதே, நீ என்ன கலந்தாய்?' என்கிறார். பாத்திரம் கழுவுகிற சோப்பு கொஞ்சம் ஊற்றினேன். ஊரில் அப்படித்தான் செய்வோம். தப்பு என் மேலா?"

தம்பி, உன் பங்கு அந்தச் சோப்பு. மிச்சமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் தப்பு: 'ஊசியிலைச் செடியை இந்த மருந்து ஒன்றும் செய்யாது.' அதை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன்.

1993 கடைசியில் நடந்தது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஹோட்டலுக்காக 240 துஜா வளர்த்துக்கொண்டிருந்தோம். நவம்பர் மழை. தொட்டிக்குத் தொட்டி கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும். நம் வைத்தியர்கள் தேடித் தேடிப் பறிக்கிற இந்த இரண்டு மூலிகையையும் போலத் தொல்லை பிடித்த களை நர்சரிக்காரனுக்கு வேறு இல்லை. கையால் பிடுங்கினால் இரண்டு ஆளுக்கு ஒரு வாரம். தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், ஒரு தடித்த வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு வரியில் விரலை வைத்துப் படித்துக் காட்டினார். ஊசியிலை மரங்களுக்கு மேலேயே கிளைபோசேட் அடிக்கலாம், தாங்கும். எனக்கு அப்போதிருந்த இங்கிலீஷுக்கு அவ்வளவு புரிந்ததே பெரிது. மறுநாள் காலை 16 லிட்டர் பம்பை முதுகில் மாட்டினேன், பதினொரு மணிக்குள் முடித்துவிட்டேன்.

பத்து நாளில் களையெல்லாம் கருகிவிட்டது. தவுக்கே எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் விடும்போதுதான் பார்த்தேன். துஜாவின் நுனி ஒவ்வொன்றும் வெண்ணெய் நிறம். பழைய இலை அசல் பச்சை, நுனி மட்டும் வெளுப்பு. ஜனவரிக்குள் அது பழுப்பாகிவிட்டது. 240இல் ஹோட்டல்காரர் எடுத்துக்கொண்டது 60. தவுக்கே என்னைத் திட்டவில்லை. புத்தகத்தைத் திரும்ப எடுத்து அதே வரியை மெதுவாகப் படித்தார். நடுவில் 'ஆட்டம்' என்று ஒரு சொல் இருந்தது. "ஆட்டம்னா என்ன பாஸ்?" என்றேன். இலையுதிர் காலமாம். முதல் தடவை படித்தபோது இரண்டு பேருமே அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

இதுதான் விஷயம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊசியிலைக் காடு வளர்ப்பவர்கள் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் சமயத்தில் கன்றுகளின் தலைமேலேயே கிளைபோசேட் அடிக்கிறார்கள். அது உண்மைதான். அந்த நேரத்தில் அங்கே செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், மொட்டு மூடிக்கொள்ளும், இலைமேல் மெழுகு தடித்துவிடும். மருந்து உள்ளே போவது குறையும். அதே செடியின் மேல் அதே மருந்தை வசந்தத்தில் அடித்தால் அங்கேயும் இளங்குருத்து கருகும். தாங்கும் சக்தி செடியின் சாதியில் இல்லை, அது தூங்குகிற நேரத்தில் இருக்கிறது. இங்கே வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம், வெயில் முப்பது டிகிரிக்கு மேல், மழை ஓய்வதே இல்லை. கைசூக்கா எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு கிளையில் குருத்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே செடி எப்போது தூங்கும், நீ எப்போது அடிப்பாய்?

மருந்து ஏன் நுனியைப் பிடிக்கிறது என்று கேட்பாய். செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். கிளைபோசேட் அந்த நொதியை அடைத்துவிடும். இலையில் பட்ட மருந்து, இலை தயாரிக்கிற சர்க்கரை போகும் வழியிலேயே போகும். சர்க்கரை எங்கே போகிறது? வளர்கிற இடத்துக்கு, அதாவது குருத்துக்கும் வேர் நுனிக்கும். அதனால்தான் கீழ்க்கிளையில் பட்டது மேல்நுனியில் தெரிகிறது. படாமல் அடித்தேன் என்கிறாய், நம்புகிறேன். ஆனால் கைசூக்காவின் கீழ்க்கிளை தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும். அதில் பட்டாலே போதும். இளசான பச்சைத் தண்டு வழியாகவும் உள்ளே போகும். சோப்பு என்ன செய்கிறது என்றால், மெழுகு இலையில் உருண்டு ஓட வேண்டிய துளியைப் பரப்பி ஒட்ட வைக்கிறது. அந்தச் செடிக்கு இருந்த ஒரே கவசம் மெழுகு, அதையும் நீயே கழற்றிவிட்டாய். மருந்துக்குள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒட்டுவதற்கான பொருள் சேர்த்துத்தான் விற்கிறார்கள், நாம் சேர்க்க வேண்டியதில்லை.

பழி முழுவதையும் ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் இரண்டு காரியம் செய். முதலில் வெள்ளைத் தாளைக் கிளைக்கடியில் பிடித்துத் தட்டு. மிளகாய்த் தூள் மாதிரி புள்ளிகள் நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன். அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. பேன் தின்ற மஞ்சள் உள்பக்கத்துப் பழைய இலையில் புள்ளிபுள்ளியாகத் தொடங்கும், கிளைபோசேட் மஞ்சள் புதுநுனியில் ஒரே சீராக வரும். அடுத்து வரிசையைத் தள்ளி நின்று பார். நடைபாதைப் பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அது காற்றில் பறந்தது. செடி முழுக்க எல்லாப் பக்கமும் வெளுத்திருந்தால் யாரோ மேலேயே அடித்திருக்கிறார்கள், அல்லது பம்பில் முன்பு வேறு ஏதோ இருந்திருக்கிறது. பம்பு யார் யார் கையில் இருந்தது என்று விசாரி.

இப்போது கழுவிப் பயனில்லை, பதினைந்து நாள் ஆகிவிட்டது. உரம் போட்டு உசுப்பாதே. நிழல் வலைக்கடியில் வைத்து, தண்ணீரை அளவோடு விட்டு, அடுத்த குருத்து வரும்வரை காத்திரு. அது குட்டையாக, கொத்துக் கொத்தாக, துடைப்பம் மாதிரி வந்தால் மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஜூனிப்பரும் துஜாவும் பச்சை மிச்சமிருக்கிற இடத்திலிருந்துதான் திரும்பத் தளிர்க்கும். பழுப்பாகிவிட்ட கட்டையிலிருந்து வராது. போடோகார்பஸ் என்றால் கதை வேறு, மொட்டையாக வெட்டினாலும் தளிர்க்கும்.

இன்னொன்று, ஊசியிலைச் செடி செத்ததைச் சொல்லவே தாமதமாகும். டிசம்பரில் இங்கே விற்கிற கிறிஸ்துமஸ் மரத்தைப் பார், வேரே இல்லாமல் ஹாலில் மூன்று வாரம் பச்சையாக நிற்கிறது. ஆகையால் இப்போது பச்சையாக இருக்கிற தொட்டிகளையும் இரண்டு மாதம் விற்கவேண்டாம் என்று உன் சூப்பர்வைசரிடம் சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லி வை.

அப்புறம், பாட்டில் லேபிளை போனில் படம் பிடித்துத் தமிழில் மாற்றிப் படி. எனக்கு அன்று அந்த வசதி இல்லை. கையுறை போடு. ஜொகூர் எஸ்டேட்டில் மருந்து அடிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை, என் அம்மாவும் அடித்தார். பாராகுவாட். நகம் வெளுத்து உதிரும், மஞ்சள் பூசி மறைத்துக்கொள்வார். அந்த மருந்தை மலேசியா முழுதாகத் தடை செய்தது 2020இல்தான்.

*

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் தினமும் நடக்கும் வாசகர்: "சவுக்கு மரமும் ஊசியிலை மரம்தானே? அதற்கும் இதே எச்சரிக்கைதானா?"

இல்லை ஐயா. சவுக்கு பூக்கிற மரம். ஊசி போலத் தெரிவது அதன் மெல்லிய தண்டு. ஒன்றை எடுத்துக் கணுவில் இழுத்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும், கணுவைச் சுற்றிப் பல்பல்லாக இருப்பவைதான் இலை. நேர்மாறாக, தட்டை இலை வைத்திருக்கிற போடோகார்பஸ் ஊசியிலைக் குடும்பத்து ஆள். ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள். புல் மருந்து இரண்டுக்குமே ஆகாது, அது தனிக் கதை.

*

சொந்தமாகத் தோட்டக் குத்தகை எடுக்கும் உட்லண்ட்ஸ் வாசகர்: "அடிக்கிற மருந்தே வேண்டாம், முளைக்கும் முன்பே போடுகிற குருணை மருந்து போதும் என்கிறார்கள். போடோகார்பஸ் வேலிக்கன்று 500 வைத்திருக்கிறேன். எவ்வளவு போடுவது?"

நல்ல யோசனை. ஊசியிலைச் செடிக்கு நான் முதலில் கை நீட்டுவதும் குருணைக்குத்தான். ஆக்ஸாடயசோன், ஆக்ஸிஃபுளோர்ஃபென், பென்டிமெத்தலின் ஆகியவை மண்ணின் மேல்தோலில் ஒரு படலம் போட்டு, முளைக்கிற களையை அங்கேயே மடக்கும். வேர் கீழே இருக்கிற செடி தப்பித்துக்கொள்ளும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கிற களையை இவை பெரிதாக ஒன்றும் செய்யாது. முதலில் பிடுங்கிவிட்டுப் பிறகு போடுங்கள்.

அளவில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். பையில் ஹெக்டேருக்கு 112 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிராம் வருகிறது. 30 சென்டிமீட்டர் வாய் உள்ள தொட்டிக்கு எவ்வளவு? ஒரு கிராம்கூட இல்லை, முக்கால் கிராம் சொச்சம். நம் ஆட்கள் உரம் போடுகிற கையாலேயே ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். அது இருபது மடங்குக்கு மேல். நான் ஒரு பழைய தைல டப்பா மூடியில் அளவுக்கோடு கீறி வைத்திருந்தேன், புதிதாக வருகிறவன் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

இலை காய்ந்திருக்கும்போது போடுங்கள். ஈரத்தில் குருணை இலையிடுக்கில் ஒட்டும், ஒட்டின இடம் புள்ளியாகக் கருகும். போட்டு முடித்ததும் கிளையைத் தட்டி உதிர்த்து, உடனே தண்ணீர் விடுங்கள். மாற்றி நட்ட அன்றே போடாதீர்கள். இரண்டு தடவை தண்ணீர் விட்டு மண் படிந்து வெடிப்பு மூடட்டும். வெடிப்பு வழியாகப் பென்டிமெத்தலின் வேருக்கு இறங்கினால் வேர் நுனி தடித்துக் குட்டையாகி நின்றுவிடும். மேலே எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து 'செடி ஏனோ வளரவே மாட்டேன் என்கிறது' என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். ஆக்ஸிஃபுளோர்ஃபெனை மூடின கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவியே இலையைச் சுடும். பிளாஸ்டிக் கூரையும் நம் மதிய வெயிலும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

எத்தனை நாள் தாங்கும் என்று விற்பனையாளர் சொல்லுகிற கணக்கில் நான் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. அந்த மழை எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். இந்தத் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சுங்கை தெங்காவில் கழுவுகிற தண்ணீர் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு. தொட்டிகளுக்கு நடுவே தரையில் சிந்துவது வடிகாலுக்குத்தான் போகும். தொட்டிகளை நெருக்கி வைத்துப் போட்டுவிட்டு, பிறகு பரப்பி வையுங்கள்.

500 கன்றுக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். பத்துக்குப் போட்டு, சீட்டுக் கட்டி, எட்டு வாரம் பாருங்கள். என் தவுக்கே அன்றைக்குப் பத்து துஜாவில் பார்த்திருந்தால் 230 தப்பித்திருக்கும்.

*

புக்கிட் தீமா கொண்டோவில் வசிக்கும் வாசகி: "புல்வெளியில் அகல இலைக் களைக்கு மருந்து அடித்தார்கள். ஓரத்தில் நிற்கிற நார்ஃபோக் பைன் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. ஆனால் உச்சிக் குருத்து வளைந்து முறுக்கிக்கொண்டுவிட்டது. ஒப்பந்ததாரர் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்கிறார்."

அம்மா, எந்த மருந்து என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். 2,4-டி, டைகாம்பா என்று பெயர் வந்தால் சம்பந்தம் இருக்கிறது. இவை செடியின் வளர்ச்சி ஹார்மோன் போல நடிக்கிற மருந்துகள். குருத்து முறுக்கிக்கொள்வதுதான் அவற்றின் கையெழுத்து. இலையில் பட வேண்டும் என்பதில்லை. டைகாம்பா மண்ணில் தண்ணீரோடு நகரும், மரத்தின் வேர் கிளை விரிவையும் தாண்டிப் புல்லுக்கடியில் ஓடியிருக்கும்.

இதில் பெரிய பாடம் அமெரிக்காவில் நடந்தது. இம்ப்ரெலிஸ் என்று டுபான்ட் நிறுவனத்தின் புல்வெளி மருந்து, 2010இல் அனுமதி பெற்றது. அடுத்த வருஷக் கோடையில் புல்வெளி ஓரம் நின்ற நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளை பைன் மரங்கள் நுனி முறுக்கிப் பழுப்பாகி வரிசையாகச் சாக ஆரம்பித்தன. மருந்து புல்லுக்கு, செத்தது மரம். வேர் வழியாகத்தான் ஏறியிருந்தது. 2011 ஆகஸ்டில் அரசாங்கம் விற்பனையை நிறுத்தியது. உங்கள் ஒப்பந்ததாரரிடம் இதைச் சொல்லுங்கள்.

மரத்துக்கு இப்போது செய்யக்கூடியது குறைவு. வறண்டு போகாமல் தண்ணீர் விடுங்கள், வெட்டின புல்லை அதன் அடியில் கொட்டாதீர்கள். இந்த மரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உச்சி போனால் பக்கக் கிளை நிமிர்ந்து உச்சியாகாது, கடைசிவரை படுத்தேதான் வளரும். சில சமயம் தண்டிலிருந்து புதுக்குருத்து இரண்டு மூன்று கிளம்பும். அப்போது ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். பழைய கோபுர வடிவம் திரும்பாது என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

*

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: "ஜூனிப்பருக்குள் கோரை. புல்லை மட்டும் கொல்லும் மருந்தை இரண்டு தடவை அடித்தும் அசையவில்லை."

கோரை புல்லே அல்ல. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தெரியும். ஃபுளுவாசிஃபாப் போன்ற மருந்துகள் புல் குடும்பத்தை மட்டும்தான் கொல்லும். ஊசியிலைச் செடிகள் பெரும்பாலும் அதற்குத் தப்பிப்பதும் அதனால்தான், கோரை தப்பிப்பதும் அதனால்தான். தொட்டியைக் கவிழ்த்து, கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். ஒரு கிழங்கு விட்டாலும் திரும்ப வரும்.

*

ஈசூன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து ஓர் அம்மா: "தாழ்வாரத்தில் ஒரே ஒரு துஜா வைத்திருக்கிறேன், கடையில் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தொட்டி முழுக்கக் கீழாநெல்லி. உப்புத் தண்ணீர் ஊற்றலாமா, வினிகரா? பிடுங்கினதை அரைத்து மோரில் குடிக்கலாமா?"

உப்பு வேண்டவே வேண்டாம் அம்மா. களை போகும், கூடவே துஜாவும் போகும், தொட்டி மண்ணும் வீணாகும். சமையல் வினிகர் சின்ன முளையின் இலையைச் சுடும், வேரைத் தொடாது. ஒரு தொட்டிக்கு மருந்து எதற்கு? தண்ணீர் விட்டு அரை மணி கழித்து வேரோடு பிடுங்குங்கள். இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்குகிற மணிகள் பழுப்பதற்குள் பிடுங்க வேண்டும், பழுத்தால் வெடித்துப் பக்கத்துத் தொட்டி வரை தெறிக்கும். பிறகு நெல் உமியை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடாமல். மேலே சட்டென்று காய்ந்துவிடுகிற உமியில் விதை முளைக்காது. என் நர்சரி நாட்களின் கடைசி ஐந்து வருஷம் சின்னத் தொட்டிக்கெல்லாம் உமிதான்.

குடிப்பது மட்டும் வேண்டாம். அந்தத் தொட்டி உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் என்னைப் போல ஒரு மண்டோர் அதில் என்ன போட்டான் என்று உங்களுக்குத் தெரியாது. பழுத்த மணி நாலைந்தைத் தனித் தொட்டியில் புது மண்ணில் தூவுங்கள். பிடுங்கப் பிடுங்க வந்த செடி, வா என்று கூப்பிட்டால் வராமலா போகும்?